பைக்குள் இருந்த எக்ஸ்ரே

நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது இது. பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு துர்காபூரிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, டாக்குரியாவில் குடியேறியிருந்தோம். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய தூக்கலான முன்பற்களுக்கு துர்காபூரிலேயே கிளிப் போட்டிருந்தோம். பாதி வைத்தியத்தில் ஊர் மாறியதால், மீதியை முடித்துத்தர ஒரு டாக்டரைத் தேட வேண்டியதாயிற்று.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எதிலும் சந்தேகம். போட்ட ரூட்டை விட்டு விலகாத கொல்கத்தா ஷேர் ஆட்டோவில்கூட மொபைலில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். அடிக்கடி ஊர் மாறுகிறவர்களை ஏமாற்றுவது சுலபம் என்பது என் எண்ணம்.

டாலிகஞ்சில் ஒரு டாக்டர் கிடைத்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். முதல் நாளே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு, மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் வேர் தேய்ந்து குட்டையாகியிருக்கிறது, நான்கு மாதம் அவற்றை இழுக்கவே கூடாது, ஓய்வு கொடுக்க வேண்டும் என்றார். இறுக்கமான கம்பியைக் கழற்றிவிட்டு, பற்களைச் சும்மா பிடித்து வைக்கும் மெல்லிய கம்பி ஒன்றை மாட்டினார். பிறகு மாதாமாதம் போவோம். பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார், ‘டீக் ஆச்சே’, சரியாக இருக்கிறது என்பார், அனுப்பிவிடுவார்.

பல்லுக்கு என்ன ஓய்வு? அது என்ன மூட்டை தூக்குகிறதா? ஒருநாள்கூட வலிக்காத பல்லில் வேர் மட்டும் எப்படித் தேயும்? இன்னொரு டாக்டர் ஆரம்பித்த கேஸில் கை வைக்கத் தயங்குகிறார், எப்படியும் இவர்கள் மாற்றலாகிப் போய்விடுவார்கள் என்று நாளைக் கடத்துகிறார் என்றே எனக்குத் தோன்றியது. கணவரிடம் சொன்னேன். “உனக்கு இதுவரைக்கும் எந்த டாக்டரைப் பிடிச்சிருக்கு?” என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது மாதம், கணவருக்குச் சொல்லாமல் மகளை பவானிபூரில் வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். எங்கள் பிறந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டாவது டாக்டரிடம் போனால் பழைய ரிப்போர்ட்டைக் காட்டமாட்டோம். காட்டினால் அவரும் அதையே பார்த்து ஒப்பித்துவிடுவாராம். அவராகக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு ஒத்துப் பார்க்கலாம் என்று, எக்ஸ்ரேவைப் பைக்குள் மறைத்து வைத்திருந்தேன். மகளிடமும் உள்ளே வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டித்திருந்தேன். பல் டாக்டரிடம் கூட்டிப்போகும்போது அப்படிச் சொன்ன ஒரே அம்மா நானாகத்தான் இருப்பேன்.

இளம் பெண் டாக்டர். நன்றாகவே விசாரித்தார். சமீபத்தில் எக்ஸ்ரே எடுத்தீர்களா என்றார். இல்லை என்றேன். ஏன் இத்தனை நாள் கம்பி இறுக்கவில்லை என்றார். வீடு மாற்றும் அலைச்சலில் வரமுடியவில்லை என்றேன். பல்லில் ஏதாவது பிரச்னை என்று யாராவது சொன்னார்களா என்றும் கேட்டார். அதற்கும் கூசாமல் இல்லை என்றேன். ஏற்கெனவே மாதங்கள் வீணாகிவிட்டன, எக்ஸ்ரேவை இந்த வாரம் எடுத்து வாருங்கள், இன்றைக்கே இழுக்கும் கம்பியைப் போட்டுவிடுகிறேன் என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். டாலிகஞ்ச்காரரின் குட்டு உடைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

உதடுகளை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மகளின் வாயில் மாட்டி, மெல்லிய கம்பியைக் கழற்றினார். தடித்த கம்பியைக் கையில் எடுத்தபோது மகள் சட்டென்று கையைத் தூக்கினாள். வலிக்கிறதா என்று டாக்டர் குனிந்தார். அவள் வளையத்தைத் தானே பிடுங்கி எடுத்தாள். துர்காபூரில் வளர்ந்தவள், அவளுக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். வேர் தேய்ந்தது, எக்ஸ்ரே எடுத்தது, ஓய்வு கொடுக்கச் சொன்னது எல்லாவற்றையும் கடகடவென்று டாக்டரிடம் கொட்டிவிட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“எக்ஸ்ரேவைக் குடும்மா. என் பல்லும்மா அது.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தடித்த கம்பியைத் தட்டில் வைத்துவிட்டு, கழற்றிய பழைய கம்பியையே திரும்ப மாட்டினார். இந்த நிலையில் இழுத்திருந்தால் வேர் இன்னும் கரைந்து, நான்கு முன்பற்களும் ஆட்டம் கண்டிருக்கலாம், அந்த டாக்டர் செய்வதுதான் சரி என்றார். பிறகு, ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டார். வீடு வரும்வரை எக்ஸ்ரேவை மகள் தன் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாளே மகளோடு டாலிகஞ்சுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, “கம்பியை இழுத்தாங்களா?” இல்லை என்ற பிறகும் நம்பாமல், நான்கு பற்களையும் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் நிமிர்ந்தார். “சந்தேகம் வந்தா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே மேடம். நானே எக்ஸ்ரேவோட ஒரு லெட்டரும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்” என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

சொன்னபடியே நான்கு மாதம் கழித்து அவர் வைத்தியத்தைத் தொடர்ந்தார். மகளுக்குக் கிளிப் கழற்றி ஒன்றரை வருடமாகிறது, பற்கள் நன்றாக இருக்கின்றன. என் சந்தேக புத்தி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு டாக்டர்களையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், என் மகளின் பல் விஷயத்தில் பொய் சொன்னது நான் ஒருத்தி மட்டும்தான் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.