கூரையைத் தொடாத சுவர்

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் கடைத்தெருவுக்குப் பின்னால், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தை வாங்கினேன். நாலு பெரிய அறைகள், எட்டாத உயரத்தில் கூரை, காரை உதிர்ந்த சுவர்கள். "யானைய வாங்கியாச்சு, தீனிக்கு இன்னா பண்ணப்போற?" என்று அப்பா கேலி செய்தார். செய்யட்டும். நாற்பத்தாறு வயதில் எனக்கென்று கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைத்திருந்தது. பழுதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்ற திமிர் எனக்கு.

அதுவரை அப்பாவும் நானும் ஊரிகத்து லைன் வீட்டில் இருந்தோம். சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள் அவை. எங்கள் வீட்டுக்குள் இருந்த ஒரே தடுப்பு ஆள் உயரத்துத் தகரம். அதற்கு மேலே புகை, பேச்சு, அப்பாவின் இருமல் எல்லாம் பொது. அம்மா இறந்தபோதுகூட அங்கே என்னால் மனம்விட்டு அழ முடியவில்லை. ஒரு விசும்பல் கேட்டால் போதும், நாலு வீட்டிலிருந்து காப்பி வந்துவிடும்.

புது வீட்டில் அந்தக் குறை தீர்ந்தது. பெங்களூரில் வேலை முடிந்து ரயிலில் வந்திறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு வேண்டிய மட்டும் அழுவேன். அந்தக் கனத்த சுவர் யாரிடமும் கோள் சொல்லாது.

அப்பாவுக்குத்தான் ஒத்துவரவில்லை. அவர் அறையில் புதுக் கட்டில் போட்டிருந்தேன். காலையில் பார்த்தால் என் அறை வாசலில் பாயை விரித்துப் படுத்திருப்பார். அவர் நெஞ்சுக்குச் சிமெண்ட் தரை ஆகவே ஆகாது. சத்தம் போட்டேன். இரண்டாவது வாரம் வேட்டிகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"நான் லைனுக்கே போறேம்மா. பெரிய ரூம்ல மூச்சு முட்டுது."

"முப்பது வருஷம் பூமிக்கு அடியில இருந்தவரு பேசுற பேச்சாப்பா இது?"

"அங்க கீழ் லெவல்ல கூட பக்கத்துல ஆளு இருந்தான். நான் இருமுனா அவனுக்குக் கேக்கும். இங்க நான் செத்தாக்கூட உனக்குக் கேக்காது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். ஒழுகுகிற லைன் வீட்டுக்கு அவரைத் தனியாக அனுப்ப முடியாது. என் சுவரை விடவும் மனமில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டேன். குளியலறைக்கு டைல்ஸ், சமையலறைக்கு மேடை என்று நான் போட்டிருந்த பட்டியல் அப்படியே கிடந்தது. எங்கள் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரை மேலே மூன்றடி இடிக்கச் சொன்னேன். அது பாரம் தாங்கும் சுவர் இல்லை என்று தட்டிப் பார்த்துவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மேடம், எல்லாரும் ஏசி போட ஓட்டைய அடைக்கச் சொல்றாங்க. நீங்க தொறக்கச் சொல்றீங்க?"

"எங்க ஊட்ல அப்படித்தாங்க," என்றேன்.

அப்பா பையைப் பிரித்தார். கட்டிலுக்குத் திரும்பினார். நான் அழுகையை ரயிலோடு முடித்துக்கொள்ளப் பழகினேன். ஜன்னலோரம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மாவின் பழைய புடவை ஒன்றை மடிக்கும்போது என்னையும் மீறி வந்துவிட்டது. அந்தப் புடவையையே சுருட்டி வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து அறையில் கட்டில் அசைந்தது.

"இன்னாம்மா, அம்மாவ நெனச்சிக்கினியா?"

"ஆமாம்பா."

சுவருக்கு மேலாக அவர் இருமல் கேட்டது.

"நானும்தாம்மா," என்றார்.

அம்மா போன பிறகு அவளைப் பற்றி அவர் வாய் திறந்தது அப்போதுதான். நான் வாயிலிருந்து புடவையை எடுத்துவிட்டு அழுதேன்.