அரக்குப் பட்டு கட்டிப் போன நாள்

இது நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஆரணியில், ஓர் ஆடி மாதம். வருஷம் எது என்று கேட்டால் விரல் மடக்கித்தான் சொல்ல வேண்டும். மடக்கினாலும் ஒன்று கூடும், ஒன்று குறையும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் நான் நெய்த பட்டில் ஓர் இழை தப்பியது என்று எந்த முதலாளியும் இன்றுவரை சொன்னதில்லை. இதையும் அப்படியே சொல்லிவிடப் பார்க்கிறேன்.

அப்போது எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் ஒரு பெண் குடியிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்சு. படவேட்டுக்கு மேலே, ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. சந்தவாசல் வரைக்கும் எப்படியாவது பஸ் கிடைக்கும். அதற்கு மேல் பாதிக்குப் பாதி நடைதான். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் தங்கள் விடுதிக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்திருக்கிறார்கள். நர்சு வேலைக்கே பட்டப் படிப்பு படித்தவள். மலை ஜனத்தில் அவ்வளவு படித்த பெண் என்று நான் பார்த்தது அவள் ஒருத்தியைத்தான்.

அவளுக்கு அறை விட்டது தெரிந்ததும், பக்கத்துத் தெருவில் இருந்த என் நாத்தனார் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"இன்னா அண்ணி, ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா? மலைக்காரிய இட்டாந்து நடுவூட்ல குந்த வெச்சிகினு கீறே?"

"பின்கட்டுலதான் கீது. உனுக்கு அதான் கொறைன்னா சொல்லு, நடுவூட்லயே வெச்சிடறேன்."

"உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

நான் அவளுக்கு அறை விட்டதற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பையன்கள் இரண்டு, பெண் ஒன்றுதான். தேசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவதற்குள் அங்கேயே வலி எடுத்துவிட்டது. விவரம் தெரிந்த ஒரு மனுஷி பக்கத்தில் இல்லை. வண்டி கட்டிப் புறப்பட்டார்கள். வந்தவாசி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. குழந்தையும் தங்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வராது. வீடு தேடி வந்த அந்தப் பெண், பிரசவ வார்டில் வேலை என்று சொன்னதும், சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில், மஞ்சள் குங்குமத்தோடு போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவோம். பூவாடைக்காரி என்று சொல்வது. அவளுடைய புடவை ஒன்று பெட்டியில் இருக்கும். வருஷத்தில் ஒரு நாள் அதை வெளியே எடுத்து, பூ வைத்துப் படையல் போட்டு, வீட்டுப் பெண் ஒருத்தி அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு புடவை மறுபடி பெட்டிக்குள் போய்விடும். என் மகளுக்குப் புகுந்த வீட்டில் ஒரு வருஷம் படைத்தார்கள். மாப்பிள்ளைக்கு மறுகல்யாணம் ஆனதும் விட்டுவிட்டார்கள். நான் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே இருந்தது நான் நெய்த அரக்குப் பட்டு, சின்னக் கட்டம் போட்டது. பட்டு நெய்கிறவர்கள் பட்டு கட்டுவது அபூர்வம். அது ஒன்றைத்தான் எங்களுக்கென்று நெய்தேன். ஆடிக்கு ஆடி நாத்தனார் வந்து கட்டிக்கொள்வாள்.

அந்த வருஷம் நர்சுப் பெண்ணுக்கு மெட்ராஸில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் படித்த பட்டத்துக்கும் மேலே ஒரு பட்டம். பிரசவம் பார்ப்பதையே தனியாக எடுத்துப் படிப்பதாம். அதை முடித்தால் நர்சுகளுக்கே பாடம் சொல்லிக் கொடுக்கலாம். மலை ஜனத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஸ்காலர்ஷிப் கொடுக்கும். அது இருந்தால்தான் அவளால் போக முடியும். சம்பளம் இல்லாத லீவில் போக வேண்டும், அவள் சம்பளத்தில்தான் மலையில் அடுப்பு எரிந்தது. ஆனால் அதற்கு, இன்ன ஜனம் என்று முத்திரை போட்ட ஒரு சான்று வேண்டும். ஆவணி பிறப்பதற்குள் கல்லூரியில் கொடுத்துவிட வேண்டும். கன்னியாஸ்திரிகள் அதைக் கேட்டதில்லை, அவளும் இதுவரை வாங்கியதில்லை.

ஒருநாள் குழாயடியில் துணி அலசிக்கொண்டே கேட்டேன், இருக்கிற வேலை போதாதா, இன்னும் என்ன படிப்பு என்று. அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"எங்கூர்ல வலி எடுத்தா டோலி கட்டித் தூக்கிகினு எறங்குவாங்கம்மா. சில நேரம் பாதி வழியில உள்ள சத்தம் நின்னுடும். தூக்கறவங்களும் நின்னுடுவாங்க. எங்க பொண்ணுங்களுக்கு எங்க பேச்சுல அதட்டிச் சொல்லிக்குடுக்க ஒருத்தி வேணும். அதுக்குத்தான்."

வண்டியில் என் மகளின் சத்தம் எந்த இடத்தில் நின்றதோ எனக்குத் தெரியாது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இந்த ஆடிக்குப் புடவை இவளுக்குத்தான் என்று.

நாத்தனார் படையலுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கண்ணன் மவ பொடவைய அவ கட்டறதா?" என்றாள். "அவளும் எனுக்குப் பொண்ணுதான்" என்றேன். சாப்பிடாமல் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் கற்பூரத் தட்டை, புடவை கட்டி நின்ற அந்தப் பெண் பக்கம் நீட்டினார், அவ்வளவுதான்.

மறுநாள்தான் அவள் சான்றுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அலுவலகம் எந்த ஊரில் என்று சொல்லப்போவதில்லை. அவள் மலைக்குப் போகும்போது கட்டுகிற நூல் சேலையைத்தான் எடுத்து வைத்திருந்தாள். நான் விடவில்லை. படைத்த புடவை, போகிற காரியம் ஜெயிக்கும் என்றேன். பெரிய அதிகாரி முன்னால் இல்லாதவள் மாதிரி போய் நின்றால் மதிப்பார்களா என்றேன். அவள், "சாதா சேலையே போதும்மா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நானே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டேன். தலையில் கனகாம்பரம் வைத்தேன். மகாராணி மாதிரி இருந்தாள். துணைக்கு நானும் கிளம்பினேன்.

அவளுடைய அப்பா முதல்நாளே மலை இறங்கி, அலுவலகத்துக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்கு மேலே வேட்டி, தோளில் ஒரு கம்பளி. பக்கத்தில் எனக்கென்று கொண்டு வந்த சாமை மூட்டை. நாங்கள் கிட்டே போனதும் அந்த மனுஷன் சட்டென்று எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ பெரிய வீட்டுப் பெண்கள் என்று நினைத்துவிட்டார். அவள் "அப்பா, நான்தான்" என்றதும் வெட்கப்பட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். யாருக்குச் சான்று என்று கேட்டார். அவளுக்குத்தான் என்று தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஏம்மா, ஆரணிப் பட்டு கட்டிகிட்டு, வாட்ச் கட்டிகிட்டு வந்து மலைசாதின்னு சொன்னா நான் எப்படி நம்பறது?"

அப்பா ஓர் அடி முன்னால் வந்து, "எம் பொண்ணுங்க சாமி" என்றார்.

"உன் பொண்ணா? பெத்த பொண்ணையே நீ கும்பிட்டியாமே, பியூன் சொல்றான். எவ்வளவு குடுத்து உன்ன இட்டுகிட்டு வந்தாங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அய்யா, பொடவை என்துங்க, நான்தான் கட்டி வுட்டேன். எங்க வூட்லதான் குடியிருக்குது" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவர் அதையும் பிடித்துக்கொண்டார். டவுனில், நெசவுக்காரர் வீட்டில், அவர்கள் துணியையே கட்டிக்கொண்டு அவர்களோடு இருக்கிற பெண் மலைசாதி எப்படி ஆவாள் என்று கேட்டார். ஆள் அனுப்பி மலையில் விசாரித்துத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலேயே அதிகாரியின் குரல் வந்தது.

"அடுத்த வாரம் வந்து பாரு. வரும்போது உங்க ஜனங்க வர்ற மாதிரி வா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அங்கே போனதும் அப்பா சொன்னார்.

"நான் கோவணத்தோட வந்திருந்தா, கேக்காமலே ரெண்டு சான்று குடுத்திருப்பாரு போல."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் ஒரு விரலால் அவள் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் கீது தாயி" என்று சொல்லிவிட்டுச் சந்தவாசல் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். சாமை மூட்டை என் கையில் இருந்தது.

அடுத்த வாரம் அவள் மறுபடி கிளம்பினாள். நான் தறிக்குழியில் உட்காரும்போது கட்டுகிற கிழிந்த சேலையை எடுத்துக்கொண்டு போய், "இத கட்டிகினு போம்மா. வாட்சக் கழட்டிடு. செருப்பும் வேணாம்" என்றேன். நான் அதைச் சொன்னேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வேறு யாரோ சொன்ன மாதிரி இருக்கிறது. அவள் சேலையை வாங்கிப் பார்த்தாள். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

"எங்க ஜனம் கிழிசல் கட்டிகினு எங்கயும் போவாதும்மா. இருக்கறத தொவச்சி கட்டிகினு போவும்."

பிறகு டியூட்டிக்குப் போகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, வாட்சோடு, செருப்போடு போனாள். அன்றைக்கு என்னைக் கூட வர வேண்டாம் என்றாள். சாயங்காலம் திரும்பி வந்து, விசாரணைக்கு எழுதிவிட்டார்களாம் என்று மட்டும் சொன்னாள்.

விசாரிக்க வேண்டிய ஆள் மழை விடட்டும் என்று இருந்தான். அந்த ஆடியில் மலை மேல் நல்ல மழை. ஆவணி பிறந்தது. மெட்ராஸில் அவள் இடம் இன்னொருவருக்குப் போனது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொன்ன நாள் வரைக்கும் காத்திருந்தார்கள். அந்தத் தகவல் வந்த அன்றைக்கும் அவள் பிரசவ வார்டுக்குப் போய்விட்டுத்தான் வந்தாள். வந்து, பின்கட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். சோறு கொண்டுபோய் வைத்தேன். காலையில் அப்படியே இருந்தது.

சான்று தை மாதம் வந்தது. அவள் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். முத்திரை பெரியதாக இருந்தது.

"எங்கப்பாவுக்குச் சொல்லி அனுப்பணும்மா. நான் அவரு பொண்ணுதான்னு சர்க்கார்ல ஒத்துகினாங்கன்னு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வருஷம் மறுபடி கேட்கலாமே என்றேன். ஸ்காலர்ஷிப்புக்கு வயசு வரம்பு உண்டாம், அது தாண்டிவிட்டது என்றாள். தனக்குத் தெரிந்ததை வார்டில் வருகிறவர்களுக்குச் செய்துகொண்டே இருந்தாள். என் மூத்த மருமகள் பிற்பாடு இரண்டு பிள்ளைகளையும் அவள் கையில்தான் பெற்றாள். ஆனால் அவள் பாடம் சொல்லிக் கொடுக்க நினைத்த மலைப் பெண்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெறப் போனார்கள். டோலி இறங்குவது நிற்கவில்லை. ஊருக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு தடவையும், இறங்கிய டோலி ஒன்றைப் பற்றி ஏதாவது ஒரு செய்தி அவளிடம் இருக்கும்.

அடுத்த ஆடி வந்தது. நான் புடவையை எடுத்து, பூ வைத்துப் படைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்து கும்பிட்டாள். புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கட்டிக்கொள்ளச் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள்.

"வேணாம்மா. போன வருஷம் கண்ணாடியில பாத்தப்ப எவ்ளோ சந்தோஷமா இருந்துது தெரியுமா. இப்ப கட்டிகினா அந்த ஆளு கேட்டதுதான் காதுல கேக்கும். நான் யாருன்னு நானே யோசிச்சிகினு நிப்பேன்."

நாத்தனார் அன்றைக்கு வந்திருந்தாள். வழக்கமாக வாய் அடங்காதவள். பழையபடி அவளே கட்டிக்கொள்ளலாம் என்று புடவையை நீட்டினேன். அவள் அந்தப் பெண்ணையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உள்ள வை அண்ணி" என்றாள்.

சில வருஷங்களில் நர்சுப் பெண் மாற்றலாகிப் போளூர்ப் பக்கம் போய்விட்டாள். பொங்கலுக்குச் சாமை கொடுத்து அனுப்புவாள், அவள் அப்பா இருந்தவரை அவரே கொண்டு வருவார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அவர்கள் யாரும் பேசியதில்லை.

நான் புடவை கட்டிவிட்டது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பட்டில் குறையில்லை, அதைக் கட்டியவளிடமும் இல்லை. ஆனால் ஆடிக்கு ஆடி பெட்டியைத் திறந்து, படைத்து, கட்ட ஆளில்லாமல் அதைத் திரும்ப மடிக்கும்போது, என் வீட்டுப் பெண் என்று நினைத்து நான் கட்டிவிட்ட புடவையைக் காட்டித்தானே அவளை அவள் அப்பனுக்கே பெண் இல்லை என்று சொன்னார்கள் என்று மனசு கனத்துப்போகிறது.