கோச் பெட்டிஃபோர்டுக்கு நாங்கள் எடுத்த அல்ஜீப்ரா வகுப்பு

லாய்ட் பெட்டிஃபோர்டை எங்கள் பள்ளியில் யாரும் சார் என்று அழைத்ததில்லை. கோச்தான். கூடைப்பந்து ஆடி முழங்காலைத் தொலைத்தவர், பல வருடம் ரொட்டி வண்டி ஓட்டியவர், கடைசியில் எங்களுக்கு விளையாட்டு ஆசிரியராக வந்து சேர்ந்தார். ஆள் கதவளவு இருப்பார். குரல் மைதானத்துக்கென்றே செய்தது. வகுப்பறைக்குள் அவர் ரகசியம் பேசினாலும் பக்கத்து வகுப்பு பதில் சொல்லும். வயிற்றுவலி, பல்வலி, காதல் தோல்வி எதுவானாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: "கொஞ்சம் நட, சரியாயிடும்."

க்ளீவ்லாண்டின் கிழக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் பலசரக்கு அங்காடியாக இருந்த கட்டிடத்தில் எங்கள் சார்ட்டர் பள்ளி ஓடுகிறது. பணம் அரசுடையது, நிர்வாகம் தனி. குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் இடம். என் பெயர் விழுந்த வாரம் அம்மா சர்ச்சில் எழுந்து நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். காக்கிக் கால்சட்டை, உள்ளே செருகிய சட்டை, நடைபாதையில் வாய் திறந்தால் பெயருக்கு நேரே கரும்புள்ளி என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் இரண்டு முறை நன்றி சொல்லியிருப்பாள். இங்கே எங்களை மாணவர்கள் என்று சொல்ல மாட்டார்கள். "அறிஞர்களே" என்பார்கள். பின்னத்தைக் கூட்டத் தெரியாத ஓர் அறை நிறைய அறிஞர்கள்.

மாநிலத் தேர்வில் மதிப்பெண் தொடர்ந்து சரிந்தால் பள்ளிக்கே பூட்டு. அதனால் நடைபாதையில் மதிப்பெண் சுவர் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு அறிஞரின் பெயரும் ஒரு அட்டையில். அட்டை சிவப்பிலோ மஞ்சளிலோ பச்சையிலோ தொங்கும். நானும் என் பக்கத்து இருக்கை ஜமார்கஸும், தேறாதவர்களின் நிறமான சிவப்பின் பழைய குடிமக்கள். ஜமார்கஸ் பேச மாட்டான். நான் அவனுக்கும் சேர்த்துப் பேசுவேன், கரும்புள்ளியும் அவனுக்கும் சேர்த்தே வாங்குவேன்.

நவம்பரில் எங்கள் கணக்கு ஆசிரியர், கல்லூரியிலிருந்து நேரே வந்த ஒரு பையன், மதிய உணவுக்குப் போனார். இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை போலிருக்கிறது. தலைமையாசிரியை மிஸ் ஹாலோவே அல்ஜீப்ரா புத்தகத்தை எடுத்துக் கோச்சின் கையில் கொடுத்துவிட்டார்.

கோச் எங்களுக்கு ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு வருவார். சில நாள் அரைப் பக்கம்தான். கணக்கு நடுவில் நின்றுபோனால் பலகையை வெறித்துப் பார்த்துவிட்டு, "சரி, இத வீட்டுல யோசிங்க" என்பார். நாங்கள் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருக்கிறார் என்பது மறுநாள் அவர் கண்ணிலேயே தெரியும்.

பிப்ரவரியில் ஒருநாள் வரிசையாக நடைபாதையில் நின்றிருந்தோம், விதிப்படி வாயை மூடிக்கொண்டு. முன்னால் மிஸ் ஹாலோவே கோச்சின் அருகே வந்து தாழ்ந்த குரலில் பேசினார். இத்தனை பேரை ஊமையாக்கி நிறுத்திவிட்டு ரகசியம் பேசினால் அது ரகசியமா?

"லாய்ட், கணக்கு ஆசிரியர் தேர்வு மே மாசம். பாஸ் பண்ணலன்னா அடுத்த வருஷம் உங்கள வகுப்புல நிறுத்த முடியாது."

"சரி, நான் பழையபடி விளையாட்டுக்கே போயிடறேன்."

"அந்த வேலையே இல்ல. பட்ஜெட்ல வெட்டிட்டாங்க."

கோச் தலையாட்டினார். "அப்படியா," என்று அவர் மெதுவாகச் சொன்னது அலுவலக அறை வரைக்கும் கேட்டது.

எனக்கு அவர்மேல் பாசம் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். கரும்புள்ளி கொடுத்துவிட்டு மாலைக்குள் மனசு கேட்காமல் அழித்துவிடுகிற ஆசிரியர் அந்தக் கட்டிடத்தில் அவர் ஒருவர்தான். அப்படிப்பட்ட இயற்கை வளத்தைக் காப்பாற்ற வேண்டாமா? மறுநாள் காலை ஓர் அட்டையில் "அறிஞர் எல். பெட்டிஃபோர்ட்" என்று எழுதிச் சிவப்பில் மாட்டினேன்.

கோச் அதன்முன் வெகுநேரம் நின்றார்.

"யாரு வேலை இது?"

வரிசையே என் பக்கம் திரும்பியது.

"ஒக்டேவியா, இங்கிலீஷ்ல என் பேருக்கு ரெண்டு 'டி', ஒண்ண விட்டுட்ட," என்றார் என்னிடம்.

"தப்பு செய்யறது சிவப்புல இருக்கவங்க வழக்கம், கோச்."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, தன் அளவில் குரலைத் தாழ்த்தி, "மஞ்சளுக்குப் போறதுக்கு என்ன பண்ணணும்?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். "சனிக்கிழமை வாங்க, சொல்லித் தர்றோம்," என்றேன்.

சிவப்பில் இருப்பவர்கள் சனிக்கிழமை வர வேண்டும், மேற்பார்வை கோச். அதனால் இடமும் நேரமும் தானாக அமைந்தன. அவரைச் சின்ன நாற்காலியில் உட்காரவைத்தோம். ஜமார்கஸ் பலகையில் கணக்கு போடுவான், நான் உரையாற்றுவேன். தெரியாத பாடத்தை எப்படி நடத்துவது என்று அவரிடமே கற்றிருந்தோம்: முந்தின இரவு படித்துவிட்டு வருவது.

"முதுகு நேரா, அறிஞரே. பேசறவங்க மேல கண்ணு."

"முழங்கால் மேசைல இடிக்குதுடி."

"போனப் பாத்தீங்க. ஒரு கரும்புள்ளி."

"என் பொண்டாட்டி மெசேஜ்."

"அவங்களுக்கும் ஒண்ணு."

அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் குறி வந்தால் கோச் கவிழ்ந்துவிடுவார். உள்ளே முதல் எண்ணை மட்டும் மாற்றுவார், மற்றதை அப்படியே விட்டுவிடுவார். எத்தனை தரம் சொன்னாலும் அதே.

"கோச், அடைப்புக்குறிதான் நம்ம வகுப்பு. கழித்தல் குறி மிஸ் ஹாலோவே. அவங்க உள்ள வந்தா வாசப்பக்கம் இருக்கவன் மட்டுமா மாறுவான்? நிக்கறவன் உக்காருவான், உக்காந்தவன் எழுந்திரிப்பான். எல்லாருமே மாறணும்."

கோச் பென்சிலைக் கடித்துக்கொண்டு போட்டார். சரியாக வந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மிஸ் ஹாலோவே நின்றார். நின்றவன் உட்கார்ந்தான், உட்கார்ந்தவர் எழுந்தார், நாற்காலியும் அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாளின் கண்ணோ ஈரமாகியிருந்தது. "அறிஞர்களே ஆசிரியராகற முறை. லாய்ட், இதத்தான் நான் ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

கோச் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பள்ளியின் உரிமத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று பார்க்க வந்த குழுவை ஏப்ரலில் எந்த வகுப்புக்கு அழைத்து வந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் நிறக் கோட் போட்டவர் ஒருவர் கோச்சின் பக்கத்தில் குனிந்தார்.

"இதுல உங்க பங்கு என்ன?"

"வகுப்புலயே மக்கு நான்தாங்க."

"ரொம்ப இயல்பா செய்யறீங்க," என்று அவர் குறித்துக்கொண்டார்.

மே மாதம் கோச் தேர்வு எழுதினார். முடிவு எங்கள் வாசிப்பு நேரத்தில் அவர் போனுக்கு வந்தது. முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஜமார்கஸ், வருடம் முழுக்க வகுப்பில் வாய் திறக்காதவன், "எவ்ளோல போச்சு?" என்று கேட்டான்.

"நாலு மார்க்."

"ஆகஸ்ட்ல மறுபடி இருக்கு."

"நீங்கல்லாம் இருக்க மாட்டீங்களே." அதுதான் உண்மை. மாநிலத் தேர்வில் நாங்கள் இரண்டு பேரும் பச்சைக்குத் தாவியிருந்தோம். இது எப்படி நடந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, அவமானமாகவும் இருந்தது. கோடை வகுப்பு சிவப்புக்குத்தான், பச்சைக்குக் கிடையாது.

ஜூலையில் கோச்சின் கோடை வகுப்பில் நான் போய் உட்கார்ந்தேன். மிஸ் ஹாலோவே வந்து, "உன் பேர் பட்டியல்ல இல்லையே, ஒக்டேவியா?" என்றார்.

"வீட்டுல தம்பி தொல்லை தாங்கல, மிஸ்."

எனக்குத் தம்பி கிடையாது. அவருக்கும் அது தெரியும். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதில் ஜமார்கஸ் வந்து உட்கார்ந்தான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மாலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. பள்ளி எண்ணைப் பார்த்ததும் அம்மா எடுப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "பள்ளிக்கூடமே தொறக்கல, அதுக்குள்ள என்னடி பண்ணித் தொலச்ச?"

அம்மா நீட்டிய தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். கோச்சோடு பேச அதுதான் வழி.

"பாஸ்," என்றார். அந்தக் குரல் மெதுவாக வந்தது, தொலைபேசியைக் காதோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"மார்க் எவ்ளோ?"

"பாஸுக்கு வேணுங்கறத விட ஒண்ணு கூட."

"ரொம்ப ஆடாதீங்க, கோச்," என்று வைத்துவிட்டேன்.

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "என்னவாம்?"

"அடுத்த வருஷமும் எங்களுக்கு அந்தாளுதான் கணக்காம். விளங்கின மாதிரிதான்."

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, என் சத்தம் வெளியே கேட்காதபடி குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீருக்கு யார் காசு கட்டுவது என்று அம்மா கதவை இடிக்கிற வரைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது.