யாழினியின் வயிறும் அப்பாவின் ஸ்கேனும்

போன ஞாயிறு. காபி டம்ளரை வாயில் வைக்கவில்லை, கீழ் வீட்டு சரவணனிடமிருந்து போன். "அண்ணா, பாப்பா சைக்கிள்ல இருந்து விழுந்துட்டா. ஹேண்டில்பார் வயித்துல குத்திருச்சு. ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வாங்ணா."

நான் எதற்கு? சைகோனின் பூ மி ஹங் பகுதியில், எங்கள் அபார்ட்மென்ட்டில் வியட்நாம் மொழி பேசத் தெரிந்த ஒரே தமிழன் நான்தான். இத்தனை வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியதற்குத் தண்டனை... சரவணன் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மகள் யாழினிக்கு எட்டு வயது.

டாக்டர் ஓர் இளம் பெண். யாழினியிடம் என் வழியாகப் பேச்சுக் கொடுத்தபடியே வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். கோளாறு ஏதும் தெரியவில்லை.

"இப்போதைக்கு சி.டி. ஸ்கேன் தேவையில்லை. இங்கேயே இருக்கட்டும், அடிக்கடி வந்து பார்க்கிறேன்" என்றார்.

சரவணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுக்குங்ணா காத்திருக்கோணும்? படம் எடுத்தா உள்ள என்னன்னு தெரிஞ்சிருமில்ல? கேளுங்ணா."

கேட்டேன். "சின்னக் குழந்தைக்குத் தேவையில்லாமல் கதிர்வீச்சு எதற்கு? ஸ்கேன் குழந்தைக்கா, அப்பாவின் நிம்மதிக்கா?" என்றார் டாக்டர்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

அதற்குள் கோவையிலிருந்து சரவணனின் மச்சான், ஸ்பீக்கரில். "அங்க என்ன வைத்தியம் பாக்கறாங்க? இங்கன்னா உள்ள நுழைஞ்சதும் ஸ்கேன்தான்." இதையும் டாக்டரிடம் சொல்லச் சொன்னார் சரவணன். முடியாது என்றுவிட்டேன்.

அவர் மனைவி சுகன்யாதான் அடக்கினார். "வயித்தை அமுக்கறப்ப அந்த டாக்டர் நம்ம புள்ள மூஞ்சியவே பாக்கறாங்க. நீங்க போனைப் பாக்கறீங்க. சித்த சும்மா இருங்க."

மதியத்துக்கு மேல் டாக்டர் மறுபடி வந்து வயிற்றைத் தொட்டார். யாழினி கையைத் தட்டிவிட்டாள். வலது பக்கம் விரல் படவே விடவில்லை.

டாக்டர் நிமிர்ந்தார். "இப்போது ஸ்கேன் வேண்டும். உடனே."

சரவணன் என்ன சொன்னார் தெரியுமா?

"கதிர்வீச்சுன்னாங்களேங்ணா... வேண்டாமுங்ணா. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமே."

எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் மகளின் கையை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"காலையில் வலியில்லை, இப்போது இருக்கிறது. அவ்வளவுதான்" என்றார் டாக்டர். சுகன்யா தலையாட்டினார். யாழினியை உள்ளே கொண்டுபோனார்கள்.

ஈரலில் சின்னதாக ஒரு கிழிசல். ஆபரேஷன் வேண்டாம், சில நாள் படுக்கையில் வைத்துக் கவனித்தால் போதும் என்றார்கள். சரவணன் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். மச்சான் மறுபடி லைனில் வந்தார் — "நான் அப்பவே சொன்னேன்ல?" சுகன்யா போனை வாங்கி அணைத்தார்.

காலையில் வேண்டாம் என்ற டாக்டரும் சரி, மதியம் வேண்டும் என்ற அதே டாக்டரும் சரி. நமக்குத்தான் எப்போதும் ஒரே பதில் வேண்டும். அதுவும் நமக்குப் பிடித்த பதிலாக.

நான் கிளம்பும்போது யாழினி கூப்பிட்டாள். "மாமா, டாக்டர் கை சில்லுன்னு இருக்குது. தேச்சுட்டுத் தொடச் சொல்லுங்க."

சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டார்.

அன்று நான் மொழிபெயர்த்ததில் உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான்.