டெஸ்டரோடு வரும் முத்துப்பிரியா

ராசிங்காபுரத்தில் கைப்பிடிச் சுவரில்லாத ஒரு மூன்றாவது மாடியை முத்துப்பிரியா ஜெயித்தாள். பொட்டிபுரத்தில், மாட்டிய டீவி டிஷ்ஷைத் திருகி எறியும் ஆடிக் காற்றை ஜெயித்தாள். போடி டவுனுக்குள், கதவைப் பாதி திறந்து "ஆம்பள ஆளு யாரும் வரலையா?" என்று கேட்ட வீடுகளை ஒவ்வொன்றாக ஜெயித்தாள். படம் நின்றுபோனால் அந்த வீடுகள் இப்போது அவள் நம்பரைத்தான் அழைக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றவள்தான். ஆனால் ஒரு மாடியில் ஏறி நின்று மலையைப் பார்த்தால், டிஷ்ஷை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். அவளால் ஜெயிக்க முடியாமல் இருந்தது ஒன்றுதான். வேலை முடிந்ததும் நிரப்புகிற சீட்டில், 'பொருத்தியவர்' என்ற இடத்தில் அண்ணன் தங்கபாண்டிதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

சுடிதாருக்கு மேல் அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டை. அதன் பையில், கரண்டு இருந்தால் விளக்கு எரிந்து காட்டும் ஒரு டெஸ்டர். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் வீட்டுக்காரரிடம் பேசுவதில்லை. டெஸ்டரை எடுத்துத் தகரத்தில் வைப்பாள், கம்பியில் வைப்பாள், டிஷ் மாட்டும் குழாயில் வைப்பாள். விளக்கு எரியவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஏணி சாயும். படம் வரும்வரை யார் வீட்டிலும் டீ குடிக்க மாட்டாள்.

"கரண்டு டீவிக்குள்ளதான இருக்கும்? தகரத்துலயுமா இருக்கும் ஆத்தா?" என்று கேலி செய்வார்கள்.

"இருக்கா இல்லையான்னுதான பாக்குறேன். அதுக்கு என்ன டிக்கெட்டா எடுக்கணும்?" என்பாள்.

இந்தப் பழக்கம் தங்கபாண்டி விழுந்த நாளில் வந்தது. நான்கு வருடத்துக்கு முன், மழை விட்ட ஒரு காலையில் அவன் ஒரு கூரையிலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "தகரம் சுள்ளுன்னுச்சு. அம்புட்டுத்தான் தெரியும்" என்றான். வலது காலில் கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஏணியில் ஏறவில்லை. தங்கச்சி ஏறுகிறாள், அவன் அடியில் நின்று பிடிக்கிறான்.

பிடிப்பது என்றால் சும்மா பிடிப்பதல்ல. அவள் ஒரு படி வைத்தால் அந்த அதிர்வு அவன் உள்ளங்கைக்கு வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான். கூரைக்குப் போய்விட்டால் எண்ண எதுவும் இருக்காது. "பாப்பா, இருக்கியா?" என்பான். "இல்லண்ணே, பறந்து போயிட்டேன்" என்று மேலிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்காகவே மறுபடியும் கேட்பான்.

கையெழுத்து விஷயத்திலும் அவனுக்கு இந்தப் பயம்தான். "வீடு பத்திக்கிருச்சு, ஆளு செத்துட்டான்னா, கையெழுத்துப் போட்டவனத்தான் தேடி வருவாக. அது நானாவே இருந்துட்டுப் போறேன்."

"ஏறுறது நானு. மாட்டுறது மட்டும் நீயா?"

"ஆமா. அதுக்குத்தான் மொதப் பெறந்தேன்."

செப்டம்பரில் குரங்கணிக்கு மேலே இருந்து சீனிச்சாமி கூப்பிட்டார். கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டமும், காய் உலர்த்தும் ஸ்டோரும் உள்ளவர். வீட்டுக்குப் புதிதாகப் பெரிய டீவி வாங்கியிருந்தார். அதற்குப் படம் தரும் அதே டிஷ் பெட்டியிலிருந்து ஸ்டோர் டீவிக்கும் படம் போக வேண்டும், இரண்டிலும் ஒரே மாதிரி தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார். ஸ்டோரில் அடுப்பு எரிகிற நாட்களில் சின்ராசு என்ற ஆள் அங்கேயே கிடப்பான். படம் இல்லாவிட்டால் அவன் தூங்கிவிடுகிறான், காய் கருகிவிடுகிறது என்பது சீனிச்சாமியின் குறை.

பஸ்சில் குரங்கணி, அங்கிருந்து ஜீப்பு. வழியெல்லாம் தூறல். தங்கபாண்டி ஜீப்புக்கு மேலே கட்டியிருந்த அலுமினிய ஏணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். அந்த ஸ்டோர் அவனுக்குத் தெரியும். கால் ஒடிவதற்கு முந்தைய சித்திரையில், வீட்டிலிருந்து ஸ்டோருக்கு முதல் வயரை இழுத்தவனே அவன்தான். எழுபத்திரண்டு அடி. நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

"அப்ப நல்லாத்தான் தெரிஞ்சுச்சு" என்றாள் சீனிச்சாமியின் மனைவி சுப்புத்தாய். "அப்பறம் அடுப்பு பத்தவச்சா போதும், படத்துல மழை பேயும். எரிச்சல்ல இந்தப் பக்கத்து வயரப் பிடுங்கிப் போட்டுட்டேன்."

"அடுப்பு எரியும்போது மட்டுமா?" என்று முத்துப்பிரியா கேட்டாள்.

"அடுப்பு எரியும்போது மட்டும்தான் தாயி."

அவள் ஸ்டோரை நோக்கி நடந்தாள். மரத் தூண்களின் மேல் தகரம் போட்ட கட்டடம். கூரை விளிம்பு கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. அடுப்பின் புகைக்குழாய் சுவரிலிருந்து வெளியே வந்து, தகரத்தை ஒட்டினாற்போல் மேலே போனது. உள்ளே சின்ராசு பழைய பெட்டி டீவியில் டிவிடி ஓட்டிக்கொண்டிருந்தான்.

தூறல் வலுத்தது. "வெரசாப் பாப்பா, மழைக்கு முன்ன ஏறி எறங்கிரு" என்று தங்கபாண்டி ஏணியை நிமிர்த்தினான். இரண்டு கையாலும் பிடித்து, ஈர மண்ணில் ஊன்றி, கூரைமேல் சாய்க்கப் போனான்.

"பொறுண்ணே."

ஒருக்களித்து நின்று, கையை நீட்டி, டெஸ்டரின் நுனியைத் தகர விளிம்பில் வைத்தாள். விளக்கு எரிந்தது.

மங்கலாக அல்ல. வீட்டு பிளக்கில் வைத்தால் எரிவதுபோல் எரிந்தது.

"ஏணியக் கீழ போடு! அண்ணே, கீழ போடு!"

ஏணிக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. தங்கபாண்டி கையை விட்டான். ஏணி பக்கவாட்டில் சரிந்து காப்பிச் செடிகளின் மேல் விழுந்தது. நான்கு வருடமாக அவள் விழுவதையே நினைத்துப் பயந்தவன், அலுமினியத்தைப் பிடித்திருந்த தன் இரண்டு கையையும் பார்த்தான். முதுகுத்தண்டில் அந்தப் பழைய சுள் மறுபடியும் ஏறி இறங்கியது.

"சின்ராசண்ணே, எதையும் தொடாதீக! அப்பிடியே வெளிய வாங்க. அய்யா, வீட்டுல மெயின நிறுத்துங்க!" முத்துப்பிரியாவின் குரல் கிரீச்சிட்டது. அவளும் பயப்படுவாள் என்பது அன்றைக்குத்தான் தங்கபாண்டிக்குத் தெரிந்தது.

வெளியே வந்த சின்ராசு தலையைச் சொறிந்தான். "கொஞ்ச நாளாவே தகரம் பட்டா சுள்ளுங்கும் ஆத்தா. மழை ஈரத்துக்கு அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"ஒன்ன உசுரோட வச்சிருந்தது ரப்பர் செருப்புதான்டா" என்றார் சீனிச்சாமி. அவருக்கே முகம் வெளுத்திருந்தது.

மெயினை நிறுத்தி, மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஏறினாள். புகைக்குழாய்க்கும் தகரத்துக்கும் நடுவில் பழைய வயர் போயிருந்தது. குழாய்ச் சூட்டில் மேல்தோல் உருகி, உள்ளே இருந்த கம்பி வலை தகரத்தில் படிந்து கிடந்தது. பழைய டீவிக்குள் கசிந்த கரண்டு அந்த வலை வழியாகக் கூரை முழுக்கப் பரவியிருந்தது. வெந்துபோன வயரில், மூன்றடிக்கு ஒரு சுற்றாகச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. போடியில் அப்படி அளந்து ஒட்டுகிற ஆள் ஒருவர்தான்.

முத்துப்பிரியா மேலிருந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது. சித்திரையில் காய் இல்லை, அடுப்பு இல்லை. குழாய் சில்லென்று இருந்தது. வயரைக் கட்ட வசதியான இடமாக இருந்தது.

"எப்பிடிம்மா இந்த வயரு இப்பிடி ஆச்சு?" என்று சீனிச்சாமி கேட்டார்.

"போட்டப்ப அடுப்பு எரியலங்கய்யா" என்றாள் அவள்.

சின்ராசுவின் பெட்டி டீவியை இனி யாரும் பிளக்கில் மாட்டக்கூடாது என்று அதன் வயரையே நறுக்கினாள். வீட்டிலிருந்த பழைய தட்டை டீவி ஸ்டோருக்கு வந்தது. டிஷ் பெட்டிக்குப் பக்கத்தில், வருகிற படத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை வைத்தாள். ஒரு வழி புது டீவிக்கு. இன்னொரு வழி, இன்டர்நெட்டுக்கு இழுக்கிற வயரில் ஸ்டோருக்கு. வயர் இந்த முறை தகரம் பக்கமே போகவில்லை. அடுப்புக்கு எதிர்ப்புறமாக, மரத்துக்கு மரம், பிளாஸ்டிக் குழாய்க்குள் போனது. எண்பத்தெட்டு அடி. தங்கபாண்டி நோட்டில் குறித்தான். எழுத்து கோணலாக வந்தது.

அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி, குழாய் கொதிக்கும்வரை காத்திருந்து, பிறகு இரண்டு டீவியையும் போட்டாள். இரண்டிலும் ஒரே முகம், ஒரு புள்ளி இல்லாமல்.

"ஒரு பெட்டின்னா ஒரு சேனல்தான் அய்யா. அம்மா இங்க நாடகம் வச்சா, ஸ்டோர்லயும் நாடகம்தான்."

"அய்யோ, அதுக்குக் கரண்டே தேவலாமே" என்றான் சின்ராசு. சுப்புத்தாய் டீ கொண்டுவந்தாள். முத்துப்பிரியா வாங்கிக் குடித்தாள்.

தங்கபாண்டி சீட்டை எடுத்து முழங்காலில் வைத்தான். வீட்டுக்காரர் பெயர், வயர் நீளம், டீவி இரண்டு என்று ஒவ்வொன்றாக நிரப்பினான். 'பொருத்தியவர்' என்ற இடத்தில் பேனா நின்றது. தன் சிவப்பு டேப் சுற்றிய வெந்த வயரை ஒருமுறை பார்த்தான். சீட்டை அப்படியே அவள் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினான்.

அவள் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பெயரை முழுதாக, நிதானமாக எழுதினாள். அதற்குக் கீழே தேதி: 12.9.2024.