பந்தாடுகிறவர்கள் எங்கள் காலேஜுக்கு ஏன் வரவில்லை

ரங்கூனில் தனியார் காலேஜ்களின் கால்பந்து அணிக்கு ஆள் பிடிப்பதும் கல்யாணத் தரகும் ஒரே வேலைதான். என்ன, தரகருக்காவது பந்தியில் ஒரு இலை போடுவார்கள்.

பெயருக்கு நான் துணைப் பயிற்சியாளர். உண்மையான வேலை, பள்ளிக்கூடம் முடித்த நல்ல ஆட்டக்காரர்களின் வீடு தேடிப்போய், "எங்கள் காலேஜில் சேருங்கள், ஃபீஸ் வேண்டாம்" என்று கெஞ்சுவது. இன்ஷூரன்ஸ் பாலிசி விற்க அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் உடனே புரியும்.

கியாக்தான் கோல்கீப்பர்

ரங்கூனைத் தாண்டிக் கியாக்தானில் அருமையான கோல்கீப்பர் ஒருவன் இருந்தான், மின் தூ என்று பெயர். பஸ்ஸில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் பயிற்சியாளர் வெளிநாட்டில் படித்தது, டிப்ளமோவின் மதிப்பு, கோப்பை கனவு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டான்: ஹாஸ்டலில் ஜெனரேட்டர் உண்டா?

இல்லை. இருந்ததை எங்கள் காலேஜ் டைரக்டர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இதை நான் எப்படிச் சொல்வது? ரூமுக்கு ரூம் ஃபேன் உண்டு என்று மழுப்பினேன். பயிற்சியாளரை இங்கே 'சயா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் மரியாதையாகவே சொன்னான்: "சயா, பந்தை நான் பிடிச்சுக்குவேன். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்னா உங்க கோச்சா வந்து விசிறுவாரு?"

கண்ணாடிக் கட்டடம்

லான்மடாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவரின் மகன் சரவணன். ரெண்டு காலாலும் கோல் அடிப்பவன். நம்ம ஆள்தானே என்று தெம்பாகப் போனேன். டீ வந்தது, மிக்சர் வந்தது, சம்மதம் மட்டும் வரவில்லை. அவர் மகனை வேறொரு காலேஜில் சேர்க்க முடிவு செய்திருந்தார்.

"அண்ணே, அங்கே கால்பந்து அணியே கிடையாதே!" என்றேன். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பையன் பர்மிய மொழியில் என்னவோ முணுமுணுத்தான். அப்பா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். பையனின் கால், பையனின் ஆசை எல்லாம் கல்லாவுக்குப் பின்னால் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்தன. என்னை வாசல்வரை வந்து வழியனுப்பிய அவர் சொன்னார்: "பாய், அந்த காலேஜ் முழுக்கக் கண்ணாடி, லிஃப்ட் வேற இருக்கு. பொண்ணு வீட்டுல போட்டோ காட்டினா உங்க காலேஜ் எடுபடுமா?"

மைதானம் எங்கே?

ஒரு விங்கர் தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு எங்கள் மைதானத்தைப் பார்க்கவே வந்துவிட்டான். அபூர்வப் பிறவி! போய்ப் பார்த்தால், பெனால்டி பாக்ஸில் பந்தல், நடுவட்டத்தில் பிரியாணி அண்டா. மைதானத்தை யாருடைய கல்யாணத்துக்கோ டைரக்டர் வாடகைக்கு விட்டிருந்தார். பையன் பூட்ஸைக் கையில் பிடித்தபடி நாற்காலிகளுக்கு நடுவே நின்றான். அண்ணன் அவன் தோளைத் தட்டிக் கூட்டிப் போய்விட்டான்.

கொதித்துப்போய் டைரக்டர் அறைக்குள் நுழைந்தேன். அவர் புது ஜெர்சியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "மைதானத்தை எவன்யா பார்க்கிறான்? ஜெர்சி பளபளன்னு இருந்தா போட்டோவுக்குப் போதும்."

தெட் நைங்கின் முழங்கால்

தெட் நைங் லத்தா தெருச் சந்தையில் பழம் விற்கும் அம்மாவின் ஒரே மகன். நடுக்களத்தில் அவன் பந்தை நிறுத்துகிற அழகுக்காகவே மழையில் நின்று பார்த்திருக்கிறேன். அவனுக்காக எங்கள் காலேஜும் போட்டிக் காலேஜும் மோதின. பழம் விற்கிற அம்மாவுக்குப் பழக்கூடை கொண்டுபோன மேதை எங்கள் டைரக்டர்தான். போட்டிக்காரர்கள் அதைவிட விவரம்: அவன் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துக் கேட்டில் மாட்டினார்கள். அவன் அங்கே போனான்.

முதல் வருஷமே பயிற்சியில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. படம் இறங்கியது. ஃபீஸ் சலுகையும் போனது. அவனை நாம் சேர்த்துக்கொள்ளலாம், படிக்கவாவது செய்யட்டும் என்று டைரக்டரிடம் மன்றாடினேன். "ஓட முடியாதவனுக்கு எதுக்கு ஃப்ரீ சீட்?" என்றார். அன்று முதல் அவன் அம்மாவின் கடைப்பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அவனே கூப்பிட்டான். லேசாக நொண்டினான், கையில் புத்தகங்கள். ஒரு சின்னக் கணக்கியல் பள்ளியில் சேர்ந்துவிட்டானாம். அம்மா இன்னும் கொஞ்ச நேரம் சேர்த்துக் கடை போட்டு ஃபீஸ் கட்டுகிறாராம். அந்தப் பொந்தையா தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டுவிட்டேன். அவன் கோபப்படவில்லை. "சயா, அங்கே நான் உள்ளே போனதும் என் காலைப் பார்க்கலை, பேரைக் கேட்டாங்க."

ஆக, ஆட்டக்காரன் எந்தக் காலேஜுக்குப் போவது நல்லது என்று என்னைக் கேட்டால், என்னைப் போல ஒருவனை வீட்டுக்கு அனுப்பாத காலேஜுக்கு என்பேன். ஆனால் அதைச் சொல்வதற்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.