சுருக்கிய பக்கங்களின் நீளம்

திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் இணையதளத்தை நான்கு ஆண்டுகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். நோயாளிகள் தங்கள் முடிவுகளைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளும் தளம் அது.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு பெண் அழைத்தார். அம்மையார்குப்பத்தில் பிறந்து பள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவர். திருமணமாகிச் சில வருடங்களாகியும் குழந்தையில்லை. யாரிடமும் சொல்லாமல் தனியாக வந்து பரிசோதனை செய்துகொண்டவர்.

"என் ரிப்போர்ட்டு எனக்கு வர்லிங்க. ஆனா எங்க வூட்ல எல்லாரும் அதப் படிச்சிக்கினு இருக்காங்க. எப்பிடிங்க போச்சு?"

"பாஸ்வேர்ட யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க. எங்க வூட்டுக்காரருக்கே சொல்லல. முடிவு வந்ததும் நானே அவர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

கணக்கைத் திறந்து பார்த்தேன். முடிவுக்கான குறுஞ்செய்தி போகும் எண் மாற்றப்பட்டிருந்தது. மாற்றியது அவருடைய கைபேசியிலிருந்துதான். உரிமையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"அவங்களே பாஸ்வேர்ட எங்கியோ வுட்டுட்டாங்கன்னு சொல்லி முடிச்சிடுங்கம்மா."

நான் அப்படியே சொன்னேன்.  அவர், "அப்ப நான்தான் வுட்டுட்டேனா" என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தக் குரல் என்னை விடவில்லை. வியாழக்கிழமை உட்கார்ந்து சர்வரின் பதிவேட்டை வரிவரியாகப் படித்தேன். எண் மாறியதற்கு முந்தைய மதியம், அவர் கைபேசியிலிருந்து எங்கள் தளத்தில் ஆயிரக்கணக்கான தேடல்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து மட்டும் வேறு. பதிலாகப் போன பக்கங்களின் நீளம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. நடுநடுவே ஒன்று மட்டும் துளி குறைந்தது. குறைந்த இடத்தில் அந்த எழுத்தை வைத்துக்கொண்டு, தேடல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்திருந்தது.

 எங்கள் தளம் பக்கங்களைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது, திரும்ப வரும் எழுத்துகள் குறைந்த இடத்தையே பிடிக்கும். தேடிய சொல்லையும், கணக்கில் மாற்றம் செய்யத் தேவையான ரகசியக் குறியீட்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருந்தேன். தேடிய சொல் ரகசியத்தோடு ஒத்துப்போனால் பக்கம் சிறுத்துவிடும். இணைய இணைப்பின் வழியில் காத்திருப்பவனுக்குப் பக்கத்தைப் படிக்க முடியாது. நீளத்தை அளக்க முடியும். அது போதும். ரகசியம் கிடைத்ததும் அவர் கைபேசியைக் கொண்டே எண்ணை மாற்றும் கட்டளையை அனுப்ப வைத்திருக்கிறான். பழைய எண்ணைக் கேட்காமலே மாற்றும்படி தளத்தை அமைத்ததும் நான்தான்.

இப்படி ஆகலாம் என்று பாதுகாப்புச் சோதனை செய்தவர்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் சுருக்கத்தை நிறுத்தினேன். அன்று கிருத்திகை, கூட்டத்தில் சிக்னல் நொண்டியது. கனகம்மாசத்திரம் கிளையிலிருந்து, "பக்கமே தொறக்க மாட்டேங்குது மேடம்" என்று கத்தினார்கள். மாலையே திரும்பப் போட்டுவிட்டேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான்.

இந்த வியாழக்கிழமை ஒரே பகலில் எல்லாவற்றையும் செய்தேன். ரகசியம் உள்ள பக்கங்களில் சுருக்கத்தை நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் குறியீடு வேறு வடிவில் போகும்படி மாற்றினேன். ஒரே கணக்கிலிருந்து தேடல்கள் குவிந்தால் தளமே மறித்துவிடும்படி செய்தேன். அரை நாள் வேலை.

மறுநாள் பேருந்து பிடித்து அம்மையார்குப்பம் போனேன். அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். வீட்டுத் தறிச் சத்தத்தில் பேச முடியாமல் தெருவுக்கு வந்து நின்றோம். கடவுச்சொல்லை அவர் விடவில்லை, தவறு எங்கள் தளத்தில் என்று சொன்னேன். வீட்டில் இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டேன்.

"பெரிய பாவாதாங்க, எங்க வூட்டுக்காரரோட அண்ணன். கேபிள் நெட் தொழில் அவருது." சற்று நின்று, "அன்னிக்கு மத்தியானம் போன் சூடாயிக்கினே இருந்துச்சு. அவருதான், வைஃபை பக்கத்த மூடாத, ஏதோ சரி பண்றேன்னாரு" என்றார்.

அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் அவர் கைபேசியைத் தேட வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"நேத்துதாங்க கையெழுத்துப் போட்டேன், பிரிஞ்சிக்கிறதுக்கு. ரகசியத்தக்கூடக் காப்பாத்தத் தெரியாத பொண்ணுன்னு ஊரக் கூட்டிச் சொன்னாங்க. ஆமாம்னுதான் நெனச்சேன். நீங்களே சொன்னீங்களே."

மன்னிப்புக் கேட்டேன்.  "இத எழுதிக் குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் எனக்கு வேலை போயிற்று. அவர் கொடுத்த புகாருக்கு, அந்த வைஃபையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தியிருக்கலாம் என்று பாவா பதில் சொன்னாராம். விசாரணை அதற்குமேல் நகரவில்லை. பிரிவு சட்டப்படி முடியும் முன்பே அந்த வீட்டில் வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இரண்டு முறை அவரை அழைத்தேன். முதல் முறை அவர் அம்மா எடுத்து, "அவ பேசமாட்டாளாம்மா" என்றார். இரண்டாம் முறை யாரும் எடுக்கவில்லை.